முப்பத்தொன்றாம் ஏட்டின் ஊதா நிறம்

புதன்கிழமை காலை பத்து நாற்பத்திரண்டு மணிக்கு முப்பத்தொன்றாம் ஏட்டின் மேல் நனைத்த பிளாட்டிங் பேப்பரை வைத்தேன். நேரம் துல்லியமாகத் தெரியும். வேலைத்தாளில் என் கையெழுத்தில் இருக்கிறது. பத்து ஐம்பதுக்கு எடுத்துப் பார்த்தபோது எல்லாம் கெட்டிருந்தது.

பழைய கையெழுத்துப் புத்தகங்களைச் செப்பனிடும் வேலையில் எனக்கு இருபத்திரண்டு ஆண்டு அனுபவம். ரவாங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் பட்டறை. தோட்டப்பள்ளி வருகைப் பதிவேடு, கோயில் கூட்டக் குறிப்பு, எப்போதாவது ஓர் ஓலைச்சுவடி, எதுவும் வரும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரம் பாடம் எடுப்பது நான்தான். அந்தப் பாடத்தில் சொல்கிற எதையும் அன்று நான் செய்யவில்லை. இனி வருகிறவர்களுக்காக அதை எழுதிவைக்கிறேன்.

1. ஏடு

பக்கம் வேறு, ஏடு வேறு. ஏடு என்பது ஒரு தாள். அதற்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு உண்டு. கையெழுத்துப் புத்தகத்தில் பெரும்பாலும் எண் இருக்காது. நாம்தான் எண்ணி, மூலையில் மெல்லிய பென்சிலால் குறிக்க வேண்டும். முப்பத்தொன்று என்ற எண் நான் குறித்தது.

புத்தகம் பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் இருந்து, இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்ட ஒரு ரப்பர்த் தோட்டத்தினுடையது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, பிரசவமும் பார்த்த டிரெசர், பிறந்த குழந்தைகளை அதில் எழுதிவைத்திருந்தார். ஒவ்வொரு ஏட்டிலும் இடப்பாதியில் குழந்தையின் பெயரும் தாயின் பெயரும். வலப்பாதியில் தகப்பன் பெயரும் அவருடைய அடையாள அட்டையின், அதாவது ஐசியின், நம்பரும்.

அந்த நம்பர்தான் எனக்கு வேண்டும்.

என் மகள் யாழினியை நான் பெறவில்லை. அவளைப் பெற்றவள் பெயர் செல்வி, அந்தத் தோட்டத்தில் பிறந்தவள். மூன்று நாள் குழந்தையை எங்களிடம் கொடுத்தாள். இரண்டு மாதத்தில் இறந்துபோனாள். செல்விக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. அதனால் யாழினியின் பத்திரத்தில் குடியுரிமை இல்லாதவள் என்று போட்டுவிட்டார்கள். பதினேழு வயதாகியும் அவளுக்கு ஐசி கிடையாது. கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் காலேஜுக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். செல்வியின் தகப்பன் இந்த நாட்டுக் குடிமகன் என்று காட்டினால் செல்வியும் குடிமகள். செல்வி குடிமகள் என்றால் என் பிள்ளையும் குடிமகள். இவ்வளவுதான் கணக்கு. இதற்காகப் பதினான்கு வருடம் பதிவு அலுவலகப் படியேறினோம்.

2. மடிப்பு

டிரெசரின் மகள் மல்லிகா அக்கா கலும்பாங்கில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை மாலை அங்கே போனேன். துணி முதுகு வைத்துத் தைத்த நீளப் புத்தகம். தாள்கள் பழுத்து, தொட்டால் அப்பளம்போல் நொறுங்கும் நிலை. கடைசியாக எழுதிய ஏட்டின் இடப்பாதியில் செல்வியின் பெயரைக் கண்டேன். ஆனால் அந்த ஏட்டின் வலப்பாதி உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. பிரித்தால் நம்பர் எழுதிய இடத்திலேயே ஒடியும். போனில் படம் எடுக்கக்கூட வழியில்லை.

"ஏன்க்கா இத மட்டும் மடிச்சிருக்கு?"

"புள்ள பொறந்தா அப்பாதான் டவுனுக்குப் போயிப் பதிவாரு. பதியாததெல்லாம் மடிச்சு வைப்பாரு. பதிஞ்சிட்டு வந்து நிமித்துவாரு. இது கடைசி. இத மடிச்சாரு, படுத்தாரு, எந்திரிக்கவே இல்ல லா."

ஒரு தாளை நிமிர்த்த ஆள் இல்லாமல் போனதால் ஒரு பெண் இந்த நாட்டில் இல்லாதவளாகவே வாழ்ந்து செத்திருக்கிறாள். நான் அங்கேயே அழுதிருக்க வேண்டும். மணியைப் பார்த்தேன்.

"பாத்து எடுத்துட்டுப் போ தங்கச்சி. அவரு எழுத்துன்னு எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். அவரு எழுதற அழக நீ பாத்திருக்கணும். பென்சில எடுத்தாருன்னா..."

"திருப்பிக் குடுக்க வர்றப்ப உக்காந்து கேக்கறேன்க்கா. இருட்டறதுக்குள்ள ரவாங் போயிடணும்."

எங்கள் பட்டறையில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு விவரத்தாள் உண்டு. தாளின் நிறம், தையல், கோடு போட்ட விதம், கறை, பூச்சித் துளை என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். கடைசிக் கட்டம் 'உரிமையாளர் சொன்னது'. அதைக் காலியாக விட்டேன்.

3. எழுத்து

எழுதியிருப்பது மையா பென்சிலா என்று பார்த்தேன். சாய்த்துப் பிடித்தால் வெள்ளிபோல் மினுங்கியது. 'சாதாரணப் பென்சில்' என்று எழுதினேன். ஒவ்வொரு பெயரின் முதல் எழுத்திலும் குண்டூசித் தலையளவு ஊதாப் புள்ளி இருந்தது. 'ஸ்டாம்பு மை தெறித்த கறை' என்று எழுதினேன். எல்லாப் பெயரிலும் முதல் எழுத்தில் மட்டுமா ஸ்டாம்பு மை தெறிக்கும்? வேறு யாராவது அப்படி எழுதியிருந்தால் திட்டியிருப்பேன்.

பட்டறை முதலாளி காலையிலேயே எச்சரித்தார்.

"தண்ணி படாம, ஈரக்காத்து மட்டும் பட ஈரப்பெட்டில வச்சு சாயங்காலம் வரைக்கும் விடு. தானா இளகும்."

"ரெண்டரைக்குப் பதிவு ஆபீஸ்ல அப்பாயின்மென்ட் சார். இத விட்டா அடுத்தது எப்பன்னே தெரியாது."

"அப்படின்னா நீ தொடாத. சொந்தப் புள்ள விசயம், கை நடுங்கும். நான் டெலிவரி முடிச்சிட்டுப் பன்னெண்டுக்கு வந்து பண்றேன்."

அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்றேன். பிறகு பிளாட்டிங் பேப்பரை நனைத்து மடிப்பின் மேல் வைத்தேன்.

எந்த எழுத்தானாலும் முதலில் ஓரத்தில் ஒரு புள்ளி ஈரம் வைத்து, கரைகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் நாள் பாடமே அதுதான். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடம் என்னிடம் இல்லை என்று நினைத்தேன்.

அது காப்பியிங் பென்சில். காய்ந்திருக்கும்வரை சாம்பல் நிறம். ஈரம் பட்டால் ஊதாச் சாயமாகக் கரைந்துவிடும். மடிப்பு அழகாகப் பிரிந்தது. தாள் ஒடியவில்லை. எழுத்துதான் இல்லை.

4. பிளாட்டிங் பேப்பர்

கரைந்த சாயத்தைப் பிளாட்டிங் பேப்பர் உறிஞ்சியிருந்தது, இடம்வலம் மாறி. கைக்கண்ணாடியில் காட்டிப் படித்தேன். தகப்பன் பெயர் முனியாண்டி. ஏழு எண்ணில் நான்கு தேறின. மற்ற மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன.

புத்தகத்தையும் பிளாட்டிங் பேப்பரையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, யாழினியைப் பள்ளி வாசலில் ஏற்றிக்கொண்டு கோலா சிலாங்கூர் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கௌண்டரில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண். பொறுமையாகக் கேட்டாள், கண்ணாடியைக்கூட வாங்கிப் பார்த்தாள்.

"எனக்குப் புரியுதுக்கா. ஆனா நாலு நம்பர வச்சு நான் எத கீ-இன் பண்றது? முனியாண்டின்னு தேடினா எத்தன பேரு வருவாங்க தெரியுமா? ஒரிஜினல்ல நம்பர் முழுசா தெரியணும் லா."

"ஒரிஜினல் இதுதாம்மா."

"நேத்து வரைக்கும் தெரிஞ்சிச்சாக்கா?"

புத்தகத்தை மூடினேன். யாழினி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எழுத்தைக் கரைத்தது நான்தான் என்று அதுவரை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

திரும்பும்போது காரில் பிளாட்டிங் பேப்பரை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஈஜோக் தாண்டியதும் கேட்டாள்.

"நீங்கதானேமா புதுசா வர்றவங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுப்பீங்க?"

"ஆமா."

"கலர் நல்லா இருக்கு. பர்ப்பிள்."

இன்றுவரை அவள் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. என்னைப் பார்த்துக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மாலை மல்லிகா அக்காவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். இரவு முழுக்க அந்தச் 'சரி'யைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் காலை அக்கா பக்கத்து ஊரான கோலா குபு பாருவில் ரயில் ஏறிப் பட்டறைக்கே வந்துவிட்டார். கையில் புத்தகத்தைச் சுற்ற ஒரு பழைய துண்டு. நான் நாற்காலி இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. புத்தகத்தை முப்பத்தொன்றாம் ஏட்டில் திறந்து அவர் முன்னால் வைத்தேன். ஊதாவாய்ப் பரவிக்கிடந்த தன் தகப்பன் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விரலால் தொடப் போய், தொடாமல் எடுத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு பேரு எழுதறதுக்கு முன்னாலயும் பென்சில நாக்குல ஒரு தடவ தொட்டுக்குவாரு. எந்நேரமும் உதடெல்லாம் இதே ஊதாதான். ஈரம் பட்டா அப்படி ஆயிரும்னு எங்க வீட்ல சின்னப் புள்ளைக்கும் தெரியும். அன்னைக்கி அதத்தான் சொல்ல வந்தேன் தங்கச்சி, நீதான் நேரமாச்சுன்னுட்ட."