வேளச்சேரி ஒற்றைப் பனை

ஏரிச் சேறும் பச்சைக் கோரையும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறும்... அதுதான் அன்றைய வேளச்சேரி.

எனக்கு எழுத்து தெரியாது. திருவண்ணாமலைப் பக்கம் வேங்கிக்கால் வீட்டில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல, பேத்தி போனில் தட்டுகிறாள்.

கட்டட வேலைக்குத் திருவண்ணாமலையிலிருந்து மெட்ராஸ் போன புதிது. ஏரிக்கரையில் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தோம். பஸ் போர்டு படிக்கத் தெரியாதவனுக்குக் கண்ணில் படுவதுதான் ஏரியா பேர். சைதாப்பேட்டை என்றால் பாலம். வேளச்சேரி என்றால் ரோட்டோரம் தனியாக நின்ற ஒரு பனைமரம்.

என் வீட்டுக்காரி வள்ளியம்மா கைக்குழந்தையோடு முதல்முறையாகப் பட்டணம் வருவதாக இருந்தது. அவளுக்கும் படிப்பு கிடையாது. ஊருக்குப் போன மேஸ்திரியிடம் சொல்லி அனுப்பினேன்.

"கிண்டில டவுன் பஸ் ஏறச் சொல்லுங்க. ஒத்தப் பனை தெரிஞ்சதும் எறங்கிடணும்னு சொல்லுங்க."

அவள் வருகிற அன்று மத்தியானம் ரோட்டுக்கு வந்து பார்க்கிறேன்... பனையைக் காணோம்! பிளாட் போடுகிறவர்கள் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள்.

பஸ்ஸெல்லாம் கூட்டத்தோடு விர்ரென்று போகிறது, உள்ளே யார் என்றே தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்த ஊரில் போய் நிற்பாளோ...

கூட வேலை செய்த செஞ்சிக்காரர் காசி அண்ணன் சிரித்தார்.

"மரந்தானடா வேணும்? நட்டுட்டா போச்சு!"

கொட்டகை ஆட்கள் எல்லாரும் சேர்ந்து, சாரத்துக்கு வைத்திருந்த நீளமான சவுக்குக் கம்பை எடுத்து, வெட்டிப்போட்ட பனையோலையை அதன் உச்சியில் கட்டினார்கள். பனை நின்ற இடத்திலேயே தூக்கி நிறுத்தி, ஆள் மாற்றி ஆள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் அவளை முன்பின் தெரியாது.

பொழுது சாய, ஒரு பஸ் கொஞ்சம் தாண்டிப் போய் நின்றது. வள்ளியம்மா இறங்கி வந்தாள். கம்பை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா மாமா, மரம் இப்டி எளச்சிக் கெடக்குது? நீ மட்டும் துன்னுட்டு, அதுக்கு ஒண்ணும் போடலியா?"

காசி அண்ணன் சிரித்த சிரிப்பில் பனை ஆடியது.

போன மாதம் மகன் வீட்டுக்கு இரண்டு பேருமாக வேளச்சேரி போனோம். அவன் லொகேஷன் அனுப்பிவிட்டான், ஆட்டோ வாசலிலேயே இறக்கிவிட்டது. மேலே பாலம், அதற்கும் மேலே ரயில்... எங்கெங்கிருந்தோ வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிற ஊர். பேர் மட்டும் அதே பேர்.

"நம்ம பனை எங்க இருந்துச்சுன்னு தெரியுதா?" என்று கேட்டேன்.

வள்ளியம்மா அண்ணாந்து பார்த்தாள். பக்கத்தில் நின்ற செல்போன் டவரைக் காட்டினாள்.

"அதோ... நல்லா வளந்துடுச்சு மாமா."