பச்சை விளக்கும் செல்வமேரி அக்காவின் இடது கண்ணும்

விழித்திரையைப் படமெடுக்கிற எங்களுக்குச் சிரிக்கச் சொல்லும் பாக்கியம் கிடையாது. இமைக்காதீங்க என்று கெஞ்சியே தொண்டை வறளும். கம்ப்யூட்டரிடம் பேச்சு வாங்கியவர்களே, நீங்களும் என் கட்சிதான்.

சிவப்புக்கு மேல் சிவப்பு

குளச்சலில் சர்க்கரை நோயாளிகளுக்கான கண் முகாம். புதிதாக வந்த சாஃப்ட்வேர், படம் தெளிவென்றால் பச்சை காட்டும், மங்கலென்றால் சிவப்பு. பச்சை வந்தால்தான் நாகர்கோவில் டாக்டருக்குப் போகும். லென்ஸைத் துடைத்தேன், ஜன்னலை மூடினேன், சிவப்புதான். நாற்காலியில் இருந்த வளைகுடாக்காரர் பொறுமையிழந்தார்: "துபாய் ஏர்போர்ட்டுல கூட என்னைய இத்தன தடவ திருப்பி விடல்லயே மக்கா!"

ஜோபினின் கெட்டிக்காரத்தனம்

மீன் விற்கும் செல்வமேரி அக்காவுக்கு வலது கண் உடனே பச்சை. இடது கண் சிவப்பு, திரும்பவும் சிவப்பு. வள்ளம் கரைக்கு வந்தாச்சு, ஏலத்துக்குப் போகணும் என்று அக்கா துடித்தாள். நான் சாப்பிட்டு வருவதற்குள், கூட வேலை பார்த்த ஜோபின் பச்சை வாங்கி அவளை அனுப்பிவிட்டான். "நீ இருந்தா இன்னும் லென்ஸ துடைச்சிட்டே இருந்திருப்ப" என்றான்.

டாக்டருக்கு அனுப்பும் முன் பார்த்தேன். நரம்பு தொடங்குமிடம் வெள்ளை வட்டமாகத் தெரியும்; வலது கண்ணில் வலப்பக்கம், இடது கண்ணில் இடப்பக்கம். அக்காவின் இரண்டு படத்திலும் வலப்பக்கம்! பாவி, வலது கண்ணையே இரண்டு தடவை எடுத்திருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவனோ அசரவில்லை: "மெஷினே பச்சைன்னுட்டு, பிறவு உனக்கென்ன?"

ஏலக்களத்தில்

நேரே ஏலக்களத்துக்குப் போய், இடது கண்ணை மறுபடி எடுக்கணும் என்றேன். கூச்சலுக்கு நடுவே அக்கா கத்தினாள்: "கொஞ்ச நாளா அந்தக் கண்ணு புகை மாதிரிதான். உப்புத்தண்ணி பட்டிருக்கும், நீ போ ஏட்டி!"

நான் நகரவில்லை. ஏலம் முடிந்ததும் கையோடு கூட்டி வந்து உட்கார வைத்தேன். மறுபடியும் சிவப்பு. அப்போதுதான் உறைத்தது: மங்கல் லென்ஸில் இல்லை, கண்ணுக்குள்ளே இருக்கிறது. டாக்டருக்கு போன் போட்டு, சிவப்புப் படத்தையே ஈமெயிலில் அனுப்பினேன். "ரத்தம் கசியுது, இன்னைக்கே கூட்டிட்டு வா" என்றார்.

ரெண்டும் ரெண்டா

லேசர் வைத்து, மாதங்கள் கழித்து அக்கா வந்தாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் என்னைப் பார்த்தாள். புகை விலகி, பார்வை பிழைத்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படியே ஜோபினைக் கை காட்டி என்னிடம் சொன்னாள்: "ஏட்டி, மொதல்ல இவனுக்கக் கண்ண படம் எடு, ரெண்டும் ரெண்டா இருக்கான்னு பாரு!"

அன்றிலிருந்து எங்கள் மெஷின் சிவப்பு காட்டினால் அதை நம்புகிறேன், பச்சை காட்டினால்தான் சந்தேகப்படுகிறேன்.