மாமாவுக்கு மட்டும் பெல்ட்

எங்கள் பள்ளிக்கூட பஸ்ஸில் பெல்ட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் டிரைவருக்கு. அந்த டிரைவர் என் தாய்மாமா. நான் அப்போது மூன்றாம் வகுப்பு, ஊரறிந்த முந்திரிக்கொட்டை. கேட்காமல் விடுவேனா?

"உங்களுக்கு மட்டும் எதுக்குங்க மாமா பெல்ட்டு?"

"நடுவழியில நான் எறங்கி ஓடிடக் கூடாதுன்னு கட்டிப் போட்டிருக்காங்க கண்ணு."

பொம்மிடி தாண்டும்வரை நம்பினேன். பிறகு சந்தேகம் வந்தது. மாமா ஓடி நான் பார்த்ததே இல்லை.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. முதல் சீட்டில் உட்கார்ந்தால் ரோடெல்லாம் தெரியும். முன்னால் ஒரு இரும்புக் கம்பி மட்டும்தான். ஆனால் அங்கே யாரையும் உட்கார விடாமல் பைகளை அடுக்கி வைத்திருப்பார். எங்களுக்கெல்லாம் பின்னால்தான் இடம். முன்சீட்டின் முதுகு என் தலைக்கு மேலே நிற்கும். ஸ்பாஞ்சைத் தவிர ஒன்றும் தெரியாது. சொந்த அக்கா மகளைவிடப் பைகள் பெரிதா என்று கோபம் கோபமாக வரும்.

ஒருநாள் கடத்தூர்ப் பக்கம் ஆடு குறுக்கே வந்து, மாமா பிரேக்கை மிதித்தார். என் முகம் அந்த ஸ்பாஞ்சில் புதைந்தது. மூக்கு வலிக்கவில்லை, மானம்தான் போயிற்று. அந்த உயரமும் மெத்தையும் எதற்கென்று இப்போது புரிகிறது. அன்றைக்குக் கண்ணில் பட்டதெல்லாம், மாமா அசையாமல் உட்கார்ந்திருந்ததுதான். எல்லாம் பெல்ட் செய்கிற வேலை!

மறுநாள் அம்மாவின் ஊதாப் புடவை என் பையில் வந்தது. என்னையும் பக்கத்து எல்.கே.ஜி. பையனையும் சேர்த்துச் சீட்டோடு கட்டினேன். எனக்குத் தெரிந்தது ஒரே முடிச்சு, மாட்டை முளைக்குச்சியில் கட்டுவது. இழுக்க இழுக்க இறுகும்.

பள்ளி மைதானத்தில் பஸ்ஸை நிறுத்திய மாமா, பின்பக்க அவசரக் கதவைத் திறந்தார். தீப்பிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அதன் வழியே குதிக்க வேண்டுமாம். வருஷா வருஷம் நடக்கிற ஒத்திகைதான். எல்லாரும் விசிலடித்துக் குதித்தார்கள். நாங்கள் இழுத்தோம், முடிச்சு இறுகியது. நிஜத் தீ என்று நினைத்துப் பையன் அலற ஆரம்பித்தான்.

தலைகளை எண்ணிப் பார்த்த மாமா உள்ளே ஓடி வந்தார். விரலால் முடியவில்லை, பல்லால் இழுத்தும் முடியவில்லை. கடைசியில் பஸ்ஸுக்குப் பூசை போட எலுமிச்சம்பழம் நறுக்கும் கத்தியை எடுத்துவந்து புடவையை அறுத்தார். பிறகு பைகளைத் தள்ளிவிட்டு அந்த முதல் சீட்டில் உட்கார்ந்து, எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"இவ்ளோ நேரம் ஆயிடுச்சே... இவ்ளோ நேரம் ஆயிடுச்சே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தீயும் இல்லை, யாருக்கும் அடியும் இல்லை. பள்ளிக்குக்கூட நேரமாகவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த மாமா, நடந்ததை அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். அடி விழும் என்று கதவோரம் நின்றேன். அம்மா கிழிந்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு, என்னை இழுத்து அணைத்து, அவரும் அழுதார்.

அடடா, இரண்டு பேருக்கும் அவ்வளவு ஆசையான புடவையா, தெரிந்திருந்தால் வேறு எடுத்திருப்பேனே என்று நினைத்துக்கொண்டேன்.