பயர்பிளேஸுக்குக் கீழே இருந்த போத்தல்

அத்தான் போனில் கூப்பிட்டபோது நான் நூலகத்தில் இருந்தேன். தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பொன்றின் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

"மச்சான், உன்ர பேய்ப் படிப்புக்கு வேலை வந்திருக்கு. உடன வா."

பின்னால் அவருடைய அம்மாவின் குரல் கேட்டது. "தொட வேண்டாம் எண்டு சொன்னனான்! கையை எடு!"

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். பாரிஸில் சாப்பாட்டுக் கடைகளின் சமையலறைகளில் நின்று, பிறகு அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தவர்கள். நான் டொக்டராக வருவேன் என்று நினைத்தார்கள். நானோ ஐரோப்பிய மாந்திரீகத்தின் சரித்திரத்தில் போய் விழுந்தேன். சொந்தக்காரர் கேட்டால் அம்மா "சரித்திரம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வாள்.

அதில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் ஒரு குறியைத்தான் வரைந்து காட்டுவேன். ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. பழைய ரசவாதிகளுக்கு அதுதான் சூரியன், அதுதான் தங்கம். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்துக்கும் வானத்தில் எரியும் ஒன்றுக்கும் ஒரே அடையாளம் போட எப்படி ஒருவனுக்குத் தோன்றியது? இப்படி ஒன்றைக் கண்டுவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

அத்தானும் அக்காவும் மனோர் பார்க்கில் ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தார்கள். வரிசை வீடுகளில் ஒன்று. முருகன் கோவிலுக்கு நடந்தே போகலாம். அதுவரை அவர்கள் இருந்தது செவன் கிங்ஸில், ஒரு கடைக்கு மேலே. சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். அக்காவுக்கு ஏழாம் மாதம். இரவெல்லாம் இருமிக்கொண்டிருந்தாள். பிள்ளையை அந்தச் சுவர்களுக்குள் கொண்டுவருவதில்லை என்று ஒரே பிடியாக நின்றாள். அந்த வெள்ளிக்கிழமை குடிபூரலுக்கு, புது வீட்டில் பால் காய்ச்சிக் குடிபோக, நாள் வைத்திருந்தது. அது தவறினால் அத்தானின் அம்மா, மாமி, வேறு நாளுக்குச் சம்மதிக்கமாட்டார். பிள்ளை பிறந்து துடக்கு, அந்தத் தீட்டு, கழியும் வரை வீடு மாறக்கூடாது என்பது அவருடைய கணக்கு. பால் காய்ச்ச வேண்டியவரும் அவர்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாமி வாசலுக்கு வெளியே, குளிரில், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். "நான் உள்ளுக்கு வரமாட்டன் தம்பி. நீ படிச்சனிதானே, போய்ப் பார்."

வீட்டுத் தரைகளுக்கு நிலம் போடுவதுதான் அத்தானின் தொழில். முன்னறையில் புது நிலம் போடுவதற்காக, சுவரோடு நெருப்பு மூட்டும் பயர்பிளேஸுக்கு முன்னால் வெடித்துக் கிடந்த பெரிய கல்லைக் கிளப்பியிருக்கிறார். அதன் கீழே, மண்ணுக்குள், தலைகீழாக ஒரு போத்தல். இப்போது அது ஒரு பழைய துவாயின் மேல் கிடந்தது. தடித்த பச்சைக் கண்ணாடி, மெழுகால் அடைத்த வாய். உள்ளே கறள் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஆணிகள், வளைத்த குண்டூசிகள், ஒரு சுருள் மயிர், ஏதோ ஒரு துணித்துண்டு. துணி இதய வடிவில் வெட்டப்பட்டது போல எனக்குத் தெரிந்தது. புத்தகங்களில் கண்ட சில போத்தல்களில் இதயத் துணி இருந்ததால், அப்படித் தெரிய வேண்டுமென்று நான் ஆசைப்பட்டும் இருக்கலாம்.

ஆணி, மயிர், துணி, மண்ணுக்குள் புதைத்தது. எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

"செய்வினை" என்றார் மாமி, ஜன்னலுக்கு வெளியே நின்றபடி. "ஊரில மட்டும்தான் உது எண்டு நினைச்சன். வெள்ளையளும் செய்யிறாங்கள். இல்ஃபோர்டில ஒராள் இருக்கிறார், கழிப்புக் கழிக்கிறவர். அவர் வந்து எடுக்கட்டும். அதுக்குப் பிறகும் இந்த வீட்டில குடியிருக்க ஏலுமோ எண்டு யோசிப்பம்."

அக்கா ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தாள்.  என்னை மட்டும் பார்த்தாள்.

நான் துவாய்க்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். இப்படி ஒன்றை மியூசியத்துக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நான் கண்டதே கிடையாது. இங்கிலீஷ்காரர் இதைச் சூனியக்காரிப் போத்தல் என்பார்கள். உடனே படம் எடுத்து என் பேராசிரியைக்கு அனுப்பினேன். பதில் பறந்து வந்தது: திறக்காதே, கழுவாதே, ஆட்டாதே; எக்ஸ்ரே எடுக்க ஒழுங்கு செய்கிறேன்; நாளைக்கே கொண்டுவர முடியுமா?

"இது செய்வினை இல்லை மாமி" என்றேன். "செய்வினைக்கு எதிரா வைக்கிறது. வீட்டில ஆருக்கும் நோய், வருத்தம் வந்தா, ஆரோ சூனியம் செய்துபோட்டினம் எண்டு நினைப்பினம். கதவைப் பூட்டலாம், ஜன்னலைப் பூட்டலாம். புகைபோக்கி எந்த நேரமும் திறந்துதானே கிடக்கும்? கெட்டது அதுக்குள்ளால இறங்கும் எண்டு பயம். அதுதான் அடுப்புக்குக் கீழ வைக்கிறது. வருத்தக்காரற்றை மயிரும் மூத்திரமும் ஊசியும் போட்டு அடைப்பினம்."

"மூத்திரமோ?" அத்தான் துவாயை விட்டுத் தள்ளிப் போனார். "அடப் பாவி, நான் வெறுங்கையாலயெல்லோ தூக்கினனான்!"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமிக்கு வரவில்லை.

"ஊசி என்னத்துக்கு?"

"சூனியம் செய்தவளுக்குக் குத்தும். வேதனை தாங்காமல் அவள் தான் செய்ததைத் திருப்பி எடுப்பாள்."

"அப்ப ஆரையோ குத்தத்தானே வச்சது? காவல் எண்டு சொல்லுறாய், ஆனா குத்துது."

 புத்தகங்களில் இதைக் 'காப்பு' என்ற தலைப்பின் கீழ் வாசித்து, அதே தலைப்பின் கீழ் எழுதியும் இருந்தேன். ஊசியின் மறுமுனையில் ஒரு மனுசி இருக்கிறாள் என்று நினைத்துப் பார்த்ததில்லை. எந்த வீட்டுக்காரி? அயலில் தனியாக இருந்த யாராவதா? ரயில் ஓடத் தொடங்கியபின் கட்டிய வீடு இது. அந்தக் காலத்திலும் இந்தத் தெருவில் ஒருத்தி இன்னொருத்தியைப் பற்றி அப்படி நினைத்திருக்கிறாள். அல்லது பழைய பழக்கத்தைக் கைவிட மனமில்லாத ஒரு கொத்தனாரின் வேலையாக இருக்கலாம். யாருக்குத் தெரியும்?

"எனக்குத் தெரியாது மாமி" என்றேன்.

அத்தான் கையைக் கழுவிவிட்டு வந்தார். "அம்மா, முந்தி இதில இருந்த கிழவி இந்த வீட்டிலதான் பிறந்தவவாம். பக்கத்து வீட்டுக்காரன் சொன்னவன். தொண்ணூறு தாண்டித்தான் போய்ச் சேர்ந்தவ. பேரப்பிள்ளையளும் இஞ்சதான் வளர்ந்ததுகளாம்."

 மாமி ஏதோ யோசிப்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

"அவ்வளவு காலமும் உது உதுக்குள்ளதான் கிடந்ததோ?"

"கல்லை நான்தானே முதல் கிளப்பினனான்."

"அப்ப எடுத்ததுதானேடா பிழை!" மாமியின் குரல் மாறிவிட்டது. "பேயன், காவலுக்கு வச்சதைப் பிடுங்கிப்போட்டு நிக்கிறான். திருப்பி வை. வச்ச மாதிரியே வை. அப்பத்தான் நான் பால் காய்ச்சுவன்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் போத்தலைப் பார்த்தேன்.

"ஒரு கிழமைக்குத் தாருங்கோ மாமி. எக்ஸ்ரே மட்டும்தான். உள்ளுக்கு என்ன எண்டு பார்த்துட்டு வெள்ளிக்கு முதல்..."

"ஏழு நாள் கேக்கிறாய், எப்பிடியடா வெள்ளிக்கு முதல்?" என்றாள் அக்கா. அதற்குள் இருமல் வந்துவிட்டது. வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அந்த வெறும் அறையில் அது பெரிதாகக் கேட்டது. இருமல் அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "உனக்கு அது வேணுமெண்டா எடுத்துக்கொண்டு போ. நான் மாமியோட சண்டை பிடிக்கிறன். ஆனா எனக்கு இனிமேல் அந்தக் கடைக்கு மேல படுக்க ஏலாது."

உண்மையாகவே சண்டை பிடித்திருப்பாள். அதுதான் என்னால் தாங்கமுடியாமல் இருந்தது.

வெளிச்சம் போவதற்குள் எல்லாப் பக்கத்தாலும் படம் எடுத்தேன். நீளம் அளந்தேன், மூக்கை வைத்து மணந்தும் பார்த்தேன். மண் வாசனை மட்டும்தான். துணி இதயமா இல்லையா என்பது கடைசிவரை தெரியவில்லை. பிறகு அத்தானும் நானும் குழிக்குள் அதைத் தலைகீழாக இறக்கி, மண் போட்டு, வெடித்த கல்லையே திரும்பவும் மேலே வைத்தோம். அடுத்த நாள் அதன்மேல் புது நிலம் வந்துவிட்டது. விசயத்தைச் சொன்னபோது பேராசிரியை பெருமூச்சு விட்டார். பிறகு, இங்கிலீஷ்காரரிலும் பலர் கண்டெடுத்தால் பேசாமல் திருப்பி வைத்துவிடுவார்கள், அதையும் எழுது என்றார்.

வெள்ளிக்கிழமை வாசலில் நீத்துப்பூசணிக்காய் உடைத்தார்கள். அடுப்பில் மாமி பால் பொங்க வைத்தார். அக்கா ஒரு கிளாஸ் பாலைக் குடித்துவிட்டு, கட்டில்கூட இன்னும் வந்து சேராத முன்னறையில் பாயை விரித்துப் படுத்தாள். பத்து நிமிடத்தில் நித்திரையாகிவிட்டாள். ஆட்கள் போய் வந்தார்கள், கதவு அடிபட்டது, அவள் அசையவில்லை.

மாமி கதவடியில் நின்று அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து, "தம்பி, அந்தப் போத்தலுக்குள்ள மயிர் ஆரின்ரயாயிருக்கும்?" என்றார்.

"தெரியாது மாமி. அது ஒரு புத்தகத்திலயும் இருக்காது."

"அப்ப நீதான் தேடி எழுதோணும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கிளாஸ் பாலை என் கையில் திணித்தார்.