நெத்தி உனா என்ற சொல்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பேரை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் தங்கச்சி விட்டுவிட்டுக் கண்ணை மூடியது. ஆறு பேரில் ஒருவரும் என்னைத் தலைகுனிய வைக்கவில்லை. எழுத்து எனக்குக் கொஞ்சம்தான். கையெழுத்துப் போடுவேன், செபப் புத்தகத்தின் பெரிய எழுத்தை விரல் வைத்து வாசிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஆனால் என் காதில் ஒரு குறையும் இல்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து, தமிழில் பூசை கேட்டு, சிங்களத்தில் மீன்காரனோடு சண்டை பிடித்து வளர்ந்த காது.

எங்கள் மாடிவீட்டில் எனக்கு நேரே எதிர்க் கதவில் ஒரு தம்பதி. பிள்ளைகள் வெளிநாட்டில். அவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இப்போது நினைவு தப்பிப்போய், சாப்பிட்டதையே மறந்துவிட்டு, திரும்பச் சாப்பாடு கேட்பார். அவர் மனைவிக்கு இருதய வருத்தம். திடீரென்று எதையும் சொல்லி அதிரவைக்கக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒருநாள் காலையில் அந்த மனிதரின் அக்கா மகன் வந்து, ஹெந்தளையில் உள்ள தன் வீட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனான். மாமிக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்றுதான். பின்னேரம் அவள் தன் போனை என்னிடம் தந்தாள்.

"அக்கா, சார்ஜில போட்டுவிடுங்கோ. எங்கட பிளக் பழுது. இரவு அவர் வந்தா சாப்பிட, நான் சந்தைக்குப் போய் மீன் வாங்கியாறன். ஆராவது எடுத்தா, என்னெண்டு கேட்டு வையுங்கோ."

அவள் படியிறங்கிக் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. எடுத்தேன். அக்கா மகனின் பெண்சாதி. சிங்களப் பிள்ளை. அழுதுகொண்டே பேசினாள். பின்னால் நாய் குரைத்தது, யாரோ கூப்பிட்டார்கள். அதற்குள்ளே எனக்கு ஒன்றுதான் விழுந்தது. "அங்கிள் நெத்தி உனா."

அதற்குப் பிறகும் அவள் ஏதோ சொன்னாள். லைன் அறுந்துவிட்டது.

சிங்களம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பேர்ஸ் தொலைந்தாலும் நெத்தி உனா. ஆள் செத்தாலும் நெத்தி உனா. இல்லாமல் போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் பகுதியில் அந்தச் சொல்லை நான் அதிகம் கேட்டது மரண வீட்டு வாசலில்தான். கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

திரும்ப எடுத்துப் பார்த்தேன். மணி அடிக்கிறது, ஒருவரும் எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மேல்மாடிக்காரி உள்ளே வந்தாள். எங்கள் கட்டடத்தில் பின்னேரச் செபமாலையை முன்னின்று சொல்பவள் அவள்தான். நல்ல மனசு. வாய் மட்டும் மனசுக்கு முன்னாலே ஓடும்.

"என்ன அன்ரி, முகம் வெளிறிப்போய்க் கிடக்கு?"

நான் தமிழாக்கவில்லை. கேட்டதை அப்படியே சொன்னேன். "'அங்கிள் நெத்தி உனா' எண்டு சொல்லுறாள் அந்தப் பிள்ளை."

"ஐயோ, போயிட்டாரோ." உடனே சிலுவை போட்டாள். "கோயில் சுவாமிக்குச் சொல்லவேணும். கனடாவில இருக்கிற மகனுக்கு நான் மெசேஜ் போடுறன்."

"பொறு."

"என்னத்தப் பொறுக்கிற? அவ படியேறி வரமுந்தி நாலு பேர் இங்க நிக்கவேணும். தனிய எப்பிடி அவவிட்டச் சொல்லுறது?"

"போனை முதல்ல கீழ வை. மகன் இங்க தெரிஞ்ச ஆக்களுக்கெல்லாம் எடுத்து, ஆரும் போய்ச் சொன்னா, அவள் சந்தையில மீனோட விழுவாள்."

வைத்தாள். வைத்துவிட்டு, "உங்கட மீன்காரச் சிங்களத்தை நம்பி நானும் இருக்கிறன்" என்றாள்.

கோபம் வந்தது. ஆனால் அந்த நக்கலுக்குள் ஒரு நியாயம் இருந்தது. நான் முழுதும் கேட்டேனா? நெத்தி உனா என்ற இடத்தில் என் பயம் காதைப் பொத்திவிட்டது. கேட்டு வையுங்கோ என்றல்லவா அவள் சொல்லிவிட்டுப் போனாள். நான் கேட்டது பாதி.

செபமாலையில் மணி தவறினால் நான் முதல் மணியில் இருந்து திரும்பத் தொடங்குவேன். அப்படித்தான் அந்தப் பேச்சையும் முதலில் இருந்து நினைத்துப் பார்த்தேன். ஹலோ என்றது. அழுகை. அங்கிள் நெத்தி உனா. நாய். பிறகு என்ன? பிறகு அவள் ஒன்று கேட்டாள். சொல்லவில்லை, கேட்டாள். கேட்கிற மாதிரிக் குரல் மேலே போனது. கண்ணை மூடிக்கொண்டு, மாதாவே மாதாவே என்று இருந்தேன். வந்தது. "கமீஸெ மொன பாட்டத?"

சட்டை என்ன நிறம்?

செத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சட்டையின் நிறத்தை யார் கேட்பார்கள்?

"ஆளைக் காணேல்லையடி. தேடுறாங்கள்" என்றேன்.

அப்போதும் என் நெஞ்சு ஆறவில்லை. நான் நினைத்தது பிழையாக இருந்தால்? காணவில்லை என்று நான் சொல்லி, பின்னால் செத்தார் என்று வந்தால், அந்தப் பெண்ணை இரண்டு தரம் கொன்ற மாதிரி. ஒன்றும் சொல்லாமல் இருந்தாலோ, ஹெந்தளைக் கடலுக்குப் பக்கத்தில் நினைவில்லாத மனிதன் ஒருவன் இருட்டுகிற நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறான். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மீன் பையோடு வந்துவிட்டாள்.

தண்ணீர் கொடுத்தேன். இருக்கச் சொன்னேன்.

"அவர் இண்டைக்கு என்ன நிறச் சட்டை போட்டவர்?"

"நீலக் கட்டம். ஏன் அக்கா?"

"ஹெந்தளையில இருந்து அந்தப் பிள்ளை எடுத்தவள். ஆளைக் காணேல்லைப் போல கிடக்கு. சட்டையின்ர நிறம் கேட்டவள். நான் கேட்டது அவ்வளவுதான். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவள் நெஞ்சில் கையை வைத்தாள். நான் அவளுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டேன். மேல்மாடிக்காரி, நல்லவேளை, ஒரு சொல்லும் பேசாமல் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

எதிர்வீட்டுக்காரி என் கையை விடாமல் மெல்லச் சொன்னாள். "அக்கா, அவர் றோட்டில நிக்கமாட்டார். கடல் சத்தம் கேட்டா வேலைக்கு நேரமாச்செண்டு அந்தப் பக்கம்தான் நடப்பார். கடற்கரையில பாக்கச் சொல்லுங்கோ."

திரும்பத் திரும்ப அடித்து, கடைசியில் அக்கா மகனே எடுத்தான். இவ்வளவு நேரமும் பஸ் நிற்கிற பக்கமெல்லாம் தேடினானாம். நீலக் கட்டச் சட்டை, கடற்கரையில் பார் என்றேன். பிறகு காத்திருந்தோம். அந்த நேரத்தைப் பற்றி நான் சொல்லமாட்டேன். மீன் பை மேசையிலேயே கிடந்தது, பூனை வந்து மணந்துவிட்டுப் போனது. ஒருவரும் விரட்டவில்லை.

அலை வந்து காலை நனைக்கிற இடத்தில் அவர் நின்றாராம், கப்பல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு.

இரவு திரீவீலில் கொண்டுவந்து இறக்கினார்கள். சாரம் முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து, "மீன் பொரிச்சாச்சோ?" என்றார். அவள் அழுகையும் சிரிப்புமாக அடுப்படிக்குள் போனாள்.

அன்று செபமாலை பிந்தித்தான் நடந்தது. மேல்மாடிக்காரி தொடங்கவில்லை. "அன்ரி, இண்டைக்கு நீங்க சொல்லுங்கோ, நாங்க கேட்டுச் சொல்லுறம்" என்றாள். அவளிடமிருந்து எனக்கு அது பெரிய மரியாதைதான்.

ஆனால் இன்றைக்கும் எதிர் வீட்டில் போன் அடித்தால் எனக்குத் திக்கென்கிறது. அந்தப் பிள்ளை சட்டையின் நிறம் கேட்டது என் நினைவுக்கு வராமல் போயிருந்தால்?

சரி பிள்ளை, பேனையை வை. எழுதினதை முதலில் இருந்து வாசி, நான் கேட்கிறேன். மெல்ல வாசி. அந்தச் சிங்களச் சொல் வருகிற இடத்தில் நீ 'செத்தார்' என்று ஏதும் எழுதிவிட்டாயா என்று பார்க்கவேண்டும்.