முயல் படம் போட்ட தூக்குத்துணி

உடுவிலில் எங்கள் ஒழுங்கைப் பக்கம் சீலாவைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவளுடைய வயதைச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. அவளுக்கு நாற்பத்தாறு வயது. உயரம் மூன்றடி சொச்சம், நிறை இருபத்து மூன்று கிலோ. பிறந்ததிலிருந்தே எலும்பு பிஸ்கட் மாதிரி முறியும் வருத்தம். இருபது வயதில் தேவாலயத்தில் திடப்படுத்தல் சடங்குக்குப் போனபோது, ஊருக்குப் புதிதாக வந்திருந்த போதகர் அவளை ஓய்வுநாள் பாடசாலைக் குழந்தைகளோடு கொண்டுபோய் இருத்திவிட்டார். அந்த மனுஷனை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. உடுப்புக் கடைக்குப் போனால் சிறுவர் பகுதிக்குத்தான் கை காட்டுவார்கள் என்று கடைக்குப் போவதையே விட்டுவிட்டாள். கழுத்து வைத்து, நீளக் கை வைத்து, ரீச்சர்மார் போடுகிற மாதிரிச் சட்டைகளை அளவு கொடுத்துத் தைப்பிப்பாள். அவள் ரீச்சரும்தான். பின்னேரங்களில் ஜன்னலோர மேசையில் இருந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறாள்.

அந்த மேசைக்குப் போவதுதான் பாடு. கட்டிலிலிருந்து கதிரைக்கும், கதிரையிலிருந்து கட்டிலுக்கும் அவளைத் தூக்குவது அக்கா ரஞ்சினி. தாய் போன பிறகு இருபத்தெட்டு வருடமாக ரஞ்சினியின் இரண்டு கைகள்தான் சீலாவின் கால்கள். போன வருடம் ரஞ்சினியின் முள்ளந்தண்டில் ஒரு தட்டு விலகிவிட்டது. இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

கனடாவில் இருக்கும் தம்பி கெல்வின் உடனே இரண்டு ஏற்பாடு செய்தான். நோயாளியைத் தூக்கி, சக்கரத்தில் உருட்டிக்கொண்டுபோய் மாற்றும் லிப்ட் ஒன்றைக் கப்பலில் அனுப்பினான். அதோடு அச்சுவேலிப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சீலாவின் பெயரையும் பதிந்து வைத்தான். “லிப்ட் சரிவந்தால் வீட்டிலை இருங்கோ. சரிவராட்டி மாத முடிவிலை அங்கை போறதுதான். ரஞ்சி அக்காவையும் படுக்கையிலை விழுத்தேலாது” என்றான். சொன்னதில் பிழை பிடிக்க இடமில்லை. சீலாவுக்கு அதுதான் ஆத்திரம். நியாயமாகப் பேசுகிறவனோடு சண்டை பிடிக்கவும் முடியாது. தான் பேசாமல் கிடக்க, தன் வீடு தன் கையை விட்டுப் போய்க்கொண்டிருப்பதை அவள் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிப்ட் வந்து இறங்கியது. கெல்வின் எதையும் சின்னதாக வாங்குகிற ஆள் இல்லை. “இருநூறு கிலோவைத் தூக்குமாம். பெரிசா எடுத்தால்தான் கனகாலம் கிடக்கும்” என்று வீடியோவில் பெருமையாகச் சொன்னான். அதோடு வந்த தூக்குத்துணி, ஆளைச் சுற்றிப் போட்டுக் கொளுவி உயர்த்துகிற நீலத் துணி, ஒரு இரட்டைக் கட்டில் விரிப்பு அளவு இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோதெரபிஸ்ற் ஜெயதீபன் வந்து எல்லாவற்றையும் பார்த்தான். இளம் ஆள், ஆனால் வேலை தெரிந்தவன். “மிசின் நல்லது. துணிதான் அக்கா சரியில்லை. உங்கடை உடம்புக்கு உது பெருசு, நடுவாலை வழுக்கிப் போடுவியள். எங்கடை பிரிவிலை சின்னப்பிள்ளையளின்ரை அளவிலை ஒண்டு இருக்கு. முயல் படம் போட்டது. அது உங்களுக்கு அச்சாவாய் இருக்கும்.”

சின்னப்பிள்ளை என்ற சொல்லோடு சீலாவின் முகம் இறுகிவிட்டது.

“தம்பி, எனக்கு நாற்பத்தாறு வயது. முயல் வேண்டாம். வந்ததே இருக்கட்டும்.”

அவன் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். பிறகு, துணி மாற்றும்வரை லிப்டைப் பாவிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு, மிசினின் ஒவ்வொரு பகுதியையும் விளங்கப்படுத்தினான். அந்த நேரம் ரஞ்சினி குசினியில் நின்றாள். வீட்டுக்கு வந்த ஆளை ஒரு தேத்தண்ணி இல்லாமல் அனுப்புவது எப்படி? அதனால் றிமோட், அவசரத்துக்கு மிசினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான், கொளுக்கி எல்லாவற்றையும் அவன் கட்டிலில் கிடந்த சீலாவுக்குத்தான் சொன்னான். ரஞ்சினி தட்டத்தோடு வந்தபோது பாடம் முடிந்துவிட்டது. தேத்தண்ணி நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாத முடிவுக்கு இன்னும் ஆறு நாள். “இண்டைக்கு ஒருக்கா ஏத்திப் பாப்பம்” என்று அவசரப்படுத்தியதும் சீலாதான். ரஞ்சினி நீலத் துணியை அவளுக்குக் கீழே விரித்து, நான்கு மூலையையும் கொளுவி, றிமோட்டை அமத்தினாள். மிசின் முனகிக்கொண்டு உயர்ந்தது. சீலாவும் உயர்ந்தாள். பிறகு துணி உயர, சீலா கீழே போகத் தொடங்கினாள். இடுப்பு நடுவில் இறங்கியது. முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. துணியின் ஓரம் தலைக்கு மேலே கூடிவிட்டது. “அக்கா!” என்று அவள் கத்தினாள். பதறிப்போன ரஞ்சினி கையில் அகப்பட்ட சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். மிசின் நின்றது. அதற்குப் பிறகு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ரஞ்சினி இரண்டு கையாலும் துணியைத் தாங்கப் பார்த்தாள். இடுப்பில் பளீரென்று பிடித்தது. “ஆண்டவரே, நான் ஆரையும் கூட்டிக்கொண்டு வாறன், அசையாதை” என்று குனிந்தபடியே வெளியே ஓடினாள்.

அசையாதை! அசைய எங்கே இடம்? சீலாவுக்கு நாலு பக்கமும் நீலம். தலை மடங்கி, நாடி நெஞ்சில் குத்தியது. மூச்சு பாதி உள்ளே போய்த் திரும்பியது. இடது விலா ஒன்று நெரிபடுவது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எலும்பு முறிவதற்கு முன் எப்படி இருக்கும் என்பதில் அவளை மிஞ்சிய கெட்டிக்காரி யாழ்ப்பாணத்தில் இல்லை. இது முறிந்தால் ஆஸ்பத்திரி. அங்கிருந்து நேரே அச்சுவேலி. மேசையும் ஜன்னலும் இனி இல்லை.

தேவாலய மணி அடித்தது. ஒழுங்கையில் உள்ளவர்கள் எல்லோரும் ஆராதனைக்குப் போயிருப்பார்கள். ரஞ்சினி வீடு வீடாகப் படலையைத் தட்டும் சத்தம் தூரத்தில் கேட்டது. சீலாவுக்கு அழுகை வந்தது. பயத்தால் மட்டுமல்ல. சிவப்புப் பொத்தானைத் திருப்பிவிட்டால் மிசின் மறுபடி வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல மூச்சுச் சேருமுன் ரஞ்சினி வெளியே ஓடிவிட்டாள். அந்தப் பொத்தான் அவளுக்கு ஒரு முழத்துக்குள்தான் இருந்தது. தெரிந்தவள் பைக்குள் கிடந்தாள், தெரியாதவள் தெருவில் ஓடினாள். ஒரு சின்னத் துணிக்கு வெட்கப்பட்டு இந்தப் பெரிய துணிக்குள் வந்து விழுந்த தன் மேல் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அரை மணி நேரத்துக்குப் பிறகு ரஞ்சினி தனியாகத் திரும்பினாள். காதில் போன். “கெல்வின், ஒருத்தரும் இல்லையடா... நிண்டுபோச்சு... எனக்கெப்பிடித் தெரியும்?”

“அக்கா, திருப்பு” என்றாள் சீலா. குரல் துணிக்குள்ளேயே செத்துப்போனது.

“பொறு சீலா, தம்பியோடை கதைக்கிறன்.”

“திருப்பு!”

“அவன் அங்கை ஆரையோ கேக்கிறானாம், பொறு.”

சீலா விலா போனால் போகட்டும் என்று இருந்த மூச்சையெல்லாம் கூட்டினாள். “ரஞ்சினி! போனை வை! சிவப்பைத் திருப்பு!”

அவள் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது பிறந்து இதுதான் முதல் தடவை. ரஞ்சினியின் கையிலிருந்து போன் விழுந்தது. சிவப்புப் பொத்தானைத் திருப்பினாள். அது ‘டக்’ என்று வெளியே வந்தது. றிமோட்டை அமத்த, சீலா மெதுமெதுவாகக் கட்டிலில் இறங்கினாள்.

விலா முறியவில்லை. கன்றிப்போயிருந்தது.

“உனக்கெப்பிடித் தெரியும்?” என்று ரஞ்சினி விக்கி விக்கிக் கேட்டாள்.

“நீ தேத்தண்ணி போடப் போயிட்டாய். எனக்குத்தானே சொன்னவர்.” கொஞ்சம் மூச்செடுத்துவிட்டுச் சொன்னாள்: “ஜெயதீபன் தம்பிக்குப் போன் அடி. முயலைக் கொண்டுவரட்டாம்.”

செவ்வாய்க்கிழமை முயல் வந்தது. ஒன்றல்ல, பதினொரு முயல்கள். துணி அவளுடைய தோளையும் தொடையையும் அளவெடுத்துத் தைத்தது போலப் பிடித்தது. ஜெயதீபன் அன்று முழுக்கக் கூடநின்று பழக்கினான். இந்த முறை ரஞ்சினியைக் குசினிப் பக்கம் போகவே விடவில்லை.

புதன்கிழமை பின்னேரம் சகோதரிகள் இருவரும் தனியே. ரஞ்சினி கொளுக்கிகளை மாட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு றிமோட்டை எடுத்தாள்.

“அதை இஞ்சை தா.”

றிமோட் சீலாவின் கைக்குப் பெரிது. இரண்டு பெருவிரலையும் சேர்த்து அமத்தினாள். கட்டில் கீழே போனது. பழக்கத்தில் ரஞ்சினியின் இரண்டு கைகளும் அவளுக்குக் கீழே தாமாக வந்து நின்றன.

“கையை எடு அக்கா.”

ரஞ்சினி எடுத்தாள். எடுத்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. “அப்ப நான் இனி என்ன செய்யிறது?”

“என்னை மேசையடிக்கு உருட்டிவிடு. பிறகு உந்தக் கெல்வினுக்கு அடிச்சு, அச்சுவேலியிலை பேரை வெட்டச் சொல்லு” என்றாள் சீலா, முயல்களுக்கு நடுவில் நிமிர்ந்து இருந்தபடி. “அதுக்குப் பிறகு தேத்தண்ணியைப் போடு. இப்ப போடலாம்.”