மலைக்கு முன்னால் நின்றவர்

எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் பெயிண்டர் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தோம். காரணம் மாமாவின் கல்யாணப் பேச்சு. மாமா, அம்மாவின் தம்பி. ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் வேலை. வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டின் மாடி அறையில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால் அப்பா யோசிக்காமல் “பெயிண்டிங்” என்று சொல்லிவிடுவார். அவர்கள் ஏணியையும் சுண்ணாம்பு வாளியையும் மனதில் நினைத்துக்கொண்டு, காபியை மட்டும் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு இடம் இப்படிக் கைநழுவிய பிறகு, இனிமேல் ‘கம்பெனியில் குவாலிட்டி’ என்று சொல்லும்படி அம்மா அப்பாவுக்குப் பாடம் நடத்தினாள்.

அதுவும் பொய்யில்லை. ரோபோ பெயிண்ட் அடித்த வண்டியின் மேல் ஒரு தூசி ஒட்டியிருந்தால் அதைக் கண்டுபிடித்து, தேய்த்து எடுத்து, அந்த இடத்தை மறுபடி பளபளப்பாக்குவதுதான் மாமாவின் வேலை. அவர் கை பட்ட இடம் இதுதான் என்று யாருக்காவது தெரிந்துவிட்டால் அன்றைக்கு வேலை சரியில்லை என்று அர்த்தம்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்பெனி புதுக் கட்டடம் கட்டிக்கொடுத்தது. மைதானத்தைப் பார்த்த நீளச் சுவரில் படம் வரைய சென்னையிலிருந்து ஒருவரை அனுப்பியிருந்தார்கள். ஹெச்.எம். டீச்சர் அவரிடம் ஒரு பட்டியல் கொடுத்தார். தலைவர்கள் நான்கு பேர், மயில், தாமரை, காய்கறிகள். அவர் அதை மரியாதையாக வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பத்து நாளில் சுவர் முழுக்க மலை வரைந்தார்.

எங்கள் பக்கம் நிலம் தட்டு மாதிரி. ஏரிக்கரையில் ஏறி நின்றால் அதுவே உயரம். மலை பார்க்க வேண்டுமென்றால் குன்றத்தூருக்குப் போவோம். அங்கேயும் படியேறி முருகனைப் பார்த்துவிட்டு இறங்குவோமே தவிர மலையை யார் பார்த்தார்கள்? ஆகவே ஊரில் இருந்து வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். சத்துணவு ஆயா அதை நேராகவே கேட்டது.

“மலை நல்லாத்தான் கீது. சாமி எங்க?”

“மலையே போதும்மா” என்றார் அவர்.

ஆயாவுக்கு அது சரியான பதிலாகப் படவில்லை. எனக்கும் படவில்லை. ஆனால் அந்த மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலத்தில் தொடங்கி வெளுத்துக்கொண்டே போய், கடைசி மலை வானமா மலையா என்று தெரியாமல் கரைவதைப் பார்க்கும்போது ராட்டினத்தில் உச்சியிலிருந்து கீழே இறங்குகிற மாதிரி இருந்தது. சாப்பாட்டு மணி அடித்த பிறகும் நான் அங்கேயே நிற்பேன்.

அப்பா ஒருநாள் அவரிடம் போய், அப்படியே எங்கள் வீட்டு கேட்டுக்கும் ஒரு கோட்டிங் கொடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டு வந்தார். தான் பெயிண்டர் இல்லை, ஆர்ட்டிஸ்ட் என்று அவர் சொல்லியிருக்கிறார். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாராம். அப்பாவுக்கு வருத்தமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் மச்சானுக்கும் இந்த வார்த்தையைப் போடலாமா என்று அம்மாவிடம் கேட்டார்.

சுவரின் வலது ஓரத்தில், ஒரு பாறை மேல், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சின்ன மனிதர் நின்றார். என் ஒரு சாண் உயரம்தான் இருப்பார். அது யார் என்று நான் கேட்டபோது, “நான்தான்” என்றார் ஆர்ட்டிஸ்ட் சார். ஏன் இவ்வளவு சின்னதாக என்று கேட்டேன். மலைக்கு முன்னால் எல்லோரும் அவ்வளவுதான் என்றார். எல்லோரும் என்றால் மற்றவர்கள் எங்கே? பத்து நாளாக அவர் பின்னாலேயே நின்று மலையைப் பார்த்தவள் நான். அவர் இருக்கிறார், நான் இல்லை. இது எனக்கு ரொம்ப அநியாயமாகத் தோன்றியது.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து அவர் சென்னைக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை திறப்பு விழா. ஜன்னல் கம்பிக்கு அடித்த நீல ஆயில் பெயிண்ட் ஒரு டப்பாவில் மிச்சம் இருந்தது. மைதானத்தில் யாரும் இல்லை. பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி, அவருக்குப் பக்கத்தில் என்னை வரைந்தேன்.

சின்னதாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் பிரஷ் தடியாக இருந்தது. தலையே ஒரு தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. தலைக்கு ஏற்ற மாதிரி உடம்பு வேண்டாமா? இரட்டைப் பின்னல், ரிப்பன், பல் தெரிகிற சிரிப்பு. நான் முதுகைக் காட்டவில்லை, எல்லோரையும் பார்த்து நின்றேன். கீழே இறங்கித் தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, பின்னால் இருந்த மலையை விட நான் பெரிதாக இருந்தேன். பக்கத்தில் ஆர்ட்டிஸ்ட் சார் என் முழங்காலுக்கு வந்தார்.

பயம் அப்போதுதான் வந்தது. வீட்டுக்கு ஓடி மண்ணெண்ணெயும் பழைய துணியும் எடுத்துவந்து துடைத்தேன். நான் அழியவில்லை, பரவினேன். மலையடிவாரம் முழுக்க நீலம். அவர் நின்ற பாறையும் அவரும் அந்த நீலத்தில் கலந்து போய்விட்டார்கள்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. வயிற்று வலி என்றேன். ஞாயிறு காலை மாமா நைட் ஷிப்டு முடித்து வந்து படுத்திருந்தார். பத்து மணிக்கு மேல் என்னால் முடியவில்லை. மாடிக்குப் போய் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதேன். அவர் கண்ணைத் திறக்காமலே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“ஆயில் பெயிண்ட்டா, எமல்ஷனா?”

முகத்தைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே போகிறாய் என்று அம்மா கேட்டதற்கு, “ஒரு வேல கீது அக்கா, வந்துடறோம்” என்றார். மிச்சப் பெயிண்ட் வைத்திருந்த ஸ்டோர் ரூம் சாவி சத்துணவு ஆயாவிடம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று முணுமுணுத்துக்கொண்டு வந்த ஆயா, சுவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது. பிறகு என்னைப் பார்த்தது. பிறகு சாவியை மாமா கையில் கொடுத்துவிட்டு, “நான் ஒண்ணும் பாக்கல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. அந்த ஆயாவுக்கும் நான் கடன்பட்டவள்.

மாமா உடனே வேலையை ஆரம்பிக்கவில்லை. என் முகத்தின் மிச்சத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவதற்கு வார்த்தை தேடுகிறார் என்று நினைத்தேன்.

“சிரிப்பு நல்லா வந்துகீது பாப்பா” என்றார்.

அப்புறம் பெயிண்ட்டைக் கரைக்கிற தின்னரைத் துணியில் தொட்டு என்னை ஒற்றி ஒற்றி எடுத்தார். காய விட்டார். வாட்டர் ஷீட் என்கிற உப்புத்தாளை நனைத்து வட்டமாக இல்லாமல் நேராகத் தேய்த்தார். விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வெளிச்சம் இருக்கும்போதே முடிக்க வேண்டும், டியூப் லைட்டில் நிறம் பொய் சொல்லும் என்றார். மிச்சமிருந்த எமல்ஷன் வாளிகளிலிருந்து ஸ்பூனால் எடுத்து, ஒரு அட்டையில் கலந்து, சுவருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, வேண்டாமென்று ஒதுக்கி, மறுபடி கலந்தார். ஏழாவது அட்டையில் மலையின் நீலம் வந்தது.

நிறம் வந்தும் மாமா தயங்கினார். ஆர்ட்டிஸ்ட் சார் பிரஷ்ஷை ஒரு மாதிரி உதறி இழுப்பவர். ஒவ்வொரு இழுப்பும் சுவரில் கோடு கோடாகத் தெரியும்.

“பிரஷ் போன தடமே தெரியக் கூடாதுன்னு எட்டு வருஷமா வேல பாத்துகினு கீறேன். இங்க தடம் தெரிஞ்சாதான் கரெக்டு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கையை இரண்டு மூன்று தடவை காற்றில் உதறிப் பார்த்தார். பிறகு உதறி இழுத்தார். அது அசலாக ஆர்ட்டிஸ்ட் சாரின் கையாகவே இருந்தது.

வேலை செய்துகொண்டே கம்பெனியைப் பற்றிச் சொன்னார். பூத் என்று அவர்கள் சொல்லும், அவர் நிற்கிற அறையில் நாலு பக்கமும் மேலேயும் விளக்கு. காற்று கூரையிலிருந்து சத்தமில்லாமல் இறங்கிக் காலுக்குக் கீழே போய்விடும். தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் வெளியே. அங்கே யாருக்கும் நிழல் விழாது, தனக்கும் விழாது என்றார். “இன்னிக்கும் உள்ள போம்போது செருப்ப கழட்டிட்டுப் போணும் போல இருக்கும். ஷூ கழட்டக் கூடாது, அதான் ரூலு.” நான் சிரித்தேன். அழுகை நின்றது அப்போதுதான்.

மூன்று மணிக்கு மலையும் பாறையும் வந்துவிட்டன. ஆள்தான் வர வேண்டும். மாமா அந்தப் படத்தை ஒரே ஒரு தடவை, பஸ்ஸுக்குப் போகும் அவசரத்தில் பார்த்திருக்கிறார். அவர் எப்படி நிற்பார் என்று என்னிடம் கேட்டார். பத்து நாள் பார்த்தவளுக்குத் தெரியாதா? நின்று காட்டினேன். ஒரு காலில் கனத்தைப் போட்டு, இடது கையை இடுப்பில் வைத்து, தோளில் பெயிண்ட் துணியைப் போட்டுக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து. மாமா ஆயாவின் அடுப்படித் துணியை வாங்கி வந்து என் தோளில் போட்டார். அசையாமல் நில் என்றார். முக்கால் மணி நேரம் நின்றேன். தூங்காத கண் சிவந்திருக்க, என் முதுகைப் பார்த்துப் பார்த்து, ஒரு சாண் உயரத்துக்கு அவரை வரைந்து முடித்தார்.

பிற்பாடு நான் சென்னையில் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தேன். வீட்டில் யாருக்கும் சம்மதமில்லாதபோது என்னோடு வந்து நின்றவர் மாமாதான். ஓவியர்கள் தங்களை என்னவாக நினைத்துக்கொண்டார்கள் என்று அங்கே ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடந்தது. ஒரு காலத்தில் பேர் போடாமல் கடவுளை வரைந்தார்கள். பிறகு கூட்டத்தின் ஓரத்தில் தங்கள் முகத்தை வைத்தார்கள். பிறகு முகமே படமாகிவிட்டது. அப்புறம் கடவுள் இருந்த இடத்துக்கு மலையும் கடலும் புயலும் வந்தன, அதற்கு முன்னால் ஓவியன் தனியாகப் போய் நின்றான். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைச் சுவரே கண்ணில் நின்றது. நிழல் விழாத இடத்தில் நிற்கிற ஒருவரைப் பற்றிப் புத்தகத்தில் ஏதாவது இருக்குமா என்று கடைசி வரை தேடினேன். அந்தப் பாடத்தில் நான் எழுதியதெல்லாம் மாமா கொடுத்த கண்ணால் பார்த்து எழுதியதுதான்.

அந்தத் திங்கட்கிழமை காலை விழாவுக்கு ஆர்ட்டிஸ்ட் சார் சீக்கிரமே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. பிரேயர் வரிசையில் நின்றபடி நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரின் ஒரு முனையிலிருந்து மெதுவாக நடந்து வந்தவர் பாறைக்குப் பக்கத்தில் நின்றார். குனிந்தார். அவர் வரைந்த ஆள் நிமிர்ந்து நின்றவர், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, முடி காற்றில் பறக்க நின்றவர் என்பது அவர் குனிந்த பிறகுதான் என் ஞாபகத்துக்கு வந்தது. சாருக்கு அவ்வளவு முடி கிடையாது. மாமா வரைந்தவருக்கும் கிடையாது.

பொன்னாடை போர்த்தினார்கள், பேசினார்கள், கை தட்டினார்கள். மாமாவுக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிப்டு. யூனிபாரத்தோடு வந்து ஓரமாக நின்றவர், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு சுவருக்குப் பக்கத்தில் போய், தலையைச் சாய்த்து, பக்கவாட்டில் வெளிச்சம் படுகிற கோணத்தில் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் புத்தி. ஆர்ட்டிஸ்ட் சார் வந்து அவர் பக்கத்தில் நின்று அதே மாதிரி தலையைச் சாய்த்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“எந்த நம்பர் ஷீட்டு போட்டீங்க?”

மாமா, “நானூறு சார். தண்ணி தொட்டு” என்றார்.

“கலர்?”

“ஏழு தபா கலக்கினேன்.”

சார் பாறை மேல் நின்ற ஆளைக் காட்டினார். “நான் இப்படியா நிக்கிறேன்?”

“பாப்பா அப்படித்தான் நின்னு காட்டிச்சி சார்” என்றார் மாமா. சொன்ன பிறகுதான் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது அவருக்குப் புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சார் திரும்பித் தூணைப் பார்த்தார். என் நகக்கண்ணெல்லாம் நீலம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஹெச்.எம். டீச்சரைக் கூப்பிடப் போகிறார், அம்மா வரப் போகிறாள், மாமா தலைகுனிந்து நிற்கப் போகிறார் என்று வரிசையாக எனக்குள் ஓடியது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. பொன்னாடையை எடுத்து மடித்துப் பெஞ்சில் வைத்தார். தன் போனை மாமாவிடம் கொடுத்து, ஒரு போட்டோ எடுங்கள் என்றார். பிறகு அந்தச் சின்ன மனிதருக்குப் பக்கத்தில் போய், கேமராவுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து நின்றுகொண்டார். இடது கை தானாக இடுப்புக்குப் போனது. மாமா எடுத்து முடித்த பிறகும் அப்படியே நின்றார்.

பாவம், இவ்வளவு பெரிய ஆர்ட்டிஸ்ட், போட்டோவுக்கு எப்படி நிற்பது என்று கூடத் தெரியவில்லையே என்று தூணுக்குப் பின்னால் நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.